ஒலியால் நிறம் தேரும் படிகம்: கான்ஃபோகல் நுண்ணோக்கியின் ஒலி-ஒளியியல் வடிகட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லேசர் கற்றையால் மாதிரியைப் புள்ளி புள்ளியாக வருடிப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியை இயக்கும் மென்பொருளில், 488 நானோமீட்டர் என்று குறித்த லேசர் கோட்டுக்கு, அதாவது லேசர் தரும் ஒற்றை நிறத்துக்கு, எதிரே ஒரு சறுக்குப்பட்டை இருக்கும். அதைப் 10 விழுக்காட்டில் நிறுத்தினால் லேசரின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு மாதிரியின் மீது விழுகிறது என்றுதான் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கருவியைப் பொறுத்து அது 2 விழுக்காடாகவும் இருக்கலாம், 23 விழுக்காடாகவும் இருக்கலாம். அந்தப் பட்டை நேரடியாக ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. ஒரு படிகத்துக்குள் பாயும் ஒலியின் வலிமையை மாற்றுகிறது, அந்த ஒலிதான் ஒளியைத் திருப்புகிறது. ஏஓடிஎஃப் என்று ஆய்வகங்களில் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஒலி-ஒளியியல் வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது, அதை அளந்து சீரமைப்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. நிறக்கண்ணாடி வடிகட்டியைப் போல வாங்கிப் பொருத்திவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இதுவன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிகத்துக்குள் நடப்பது என்ன

ஒரு திண்மப் பொருளின் வழியே ஒலி செல்லும்போது அதன் அணுக்கள் வரிசை வரிசையாக நெருங்கியும் விலகியும், அல்லது பக்கவாட்டில் சறுக்கியும் அசைகின்றன. இந்த இறுக்கம் எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் சிறிதளவு மாறுகிறது. ஆகவே, ஒலி பாயும் ஒரு படிகம் ஒளியின் பார்வையில் சம இடைவெளியுள்ள பட்டைகளாகப் பிரிந்த ஒரு கீற்றணியாகத் தோன்றுகிறது. கண்ணாடியில் கோடு கீறிச் செய்த கீற்றணியின் இடைவெளி என்றும் மாறாது. ஒலியால் உண்டான கீற்றணியின் இடைவெளியோ, ஒலியின் அதிர்வெண்ணை மாற்றிய மறுகணமே மாறிவிடும்.

ஒலி ஒளியைச் சிதறடிக்கும் என்று 1922இல் பிரான்சின் லியோன் பிரிலுவான் கணித்தார். 1932இல் அமெரிக்காவில் டிபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் தனித்தனியே அதைச் சோதனையில் காட்டினர். அச்சோதனைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒளிக்கற்றைகள் ஏன் தோன்றின என்பதற்குத் தெளிவான கணித விளக்கத்தை 1935, 1936 ஆண்டுகளில் வெளிவந்த தொடர் கட்டுரைகளில் தந்தவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த சி.வி. இராமனும் நாகேந்திர நாத்தும் ஆவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமனின் பெயரைச் சொன்னால் 1928ஆம் ஆண்டின் சிதறல் மட்டுமே நமக்கு நினைவுக்கு வருகிறது. ஒலி-ஒளியியல் நூல்களிலோ 'இராமன்-நாத் விளிம்பு விளைவு' என்பது தொடக்க இயல்களிலேயே வந்துவிடும். எனினும் அவர்கள் விளக்கியது ஒலிப்பரப்பு மெல்லியதாக இருக்கும்போது ஒளி பல கற்றைகளாகப் பிரியும் நிலையை. நம் வடிகட்டி இயங்குவது அதன் மறுமுனையில்: ஒலிப்பரப்பு தடிமனாக இருந்து, குறிப்பிட்ட கோணத்தில் வரும் ஒளியை ஒரே கற்றையாகத் திருப்பும் பிராக் நிலையில்.

இந்த விளைவை நிறம் தேரும் கருவியாக 1969இல் மாற்றிக்காட்டியவர்கள் ஹாரிசும் வாலசும். ஒளியும் ஒலியும் ஒரே திசையில் செல்லும் அமைப்பு அவர்களுடையது. இன்று நுண்ணோக்கிகளில் காணப்படும், ஒலியும் ஒளியும் வெவ்வேறு திசைகளில் செல்லும் டெலூரியம் டை ஆக்சைடு அமைப்பை 1974இல் ஐ.சி. சாங் வெளியிட்டார்.

டெலூரியம் டை ஆக்சைடைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. இப்படிகத்தில் ஒரு குறிப்பிட்ட திசையில் செல்லும் குறுக்கு ஒலியலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 620 மீட்டர்தான். திண்மப் பொருள்களில் ஒலி பொதுவாக ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் செல்லும் என்பதோடு ஒப்பிட்டால் இது ஆமை நடை. வேகம் குறைந்தால், அதே மின்திறனுக்கு ஒளி மிகுதியாகத் திரும்பும். மேலும் இது இரட்டை ஒளிவிலகல் உடைய படிகம். சிவப்பு ஒளிக்கு இதன் ஒளிவிலகல் எண், ஒரு முனைவாக்கத்துக்கு (ஒளியலை அதிரும் திசைக்கு) 2.26 என்றும் அதற்குச் செங்குத்தான முனைவாக்கத்துக்கு 2.41 என்றும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 0.15 என்ற வேறுபாட்டில்தான் வடிகட்டியின் உயிர் இருக்கிறது.

ஏனெனில், படிகத்தில் நுழையும் ஒளி ஒலியோடு வினைபுரிந்து திரும்பும்போது அதன் முனைவாக்கமும் 90 பாகை சுழன்றுவிடுகிறது. முன்பு 2.26 என்ற எண்ணுக்குரிய வேகத்தில் சென்ற ஒளி, பிறகு ஏறத்தாழ 2.41க்குரிய வேகத்தில் செல்ல வேண்டும். இந்த மாற்றத்துக்குத் தேவையான உந்த வேறுபாட்டை ஒலியலைதான் ஈடுசெய்ய வேண்டும். ஓர் அதிர்வெண்ணில் ஒலிக்கு இருப்பது ஒரே அளவு உந்தம் என்பதால், அதற்குச் சரியாகப் பொருந்தும் ஒரே ஓர் அலைநீளம் மட்டும் திரும்புகிறது. மற்ற நிறங்களுக்கு இந்தக் கட்டப் பொருத்தம் அமையாததால் அவை நேரே சென்று ஓர் ஒளித்தடுப்பில் முடிகின்றன.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது தெளியும். 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலியின் அலைநீளம், 620ஐ 10 கோடியால் வகுக்க, 6.2 மைக்ரோமீட்டர். அதை 0.15ஆல் பெருக்கினால் 930 நானோமீட்டர். இது ஒளியும் ஒலியும் ஒரே கோட்டில் செல்லும் அமைப்புக்கான விடை. ஒளி படிக அச்சுக்கு ஏறத்தாழ 20 பாகையில் செல்லும் அமைப்பில் இதை 0.65 என்ற வடிவக் காரணியால் பெருக்க வேண்டும்; அப்போது 600 நானோமீட்டர், அதாவது ஆரஞ்சு நிறம், கிடைக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் நிறம் நீலத்தை நோக்கியும், குறைத்தால் சிவப்பை நோக்கியும் நகரும். இது தோராயக் கணக்குதான். ஒளிவிலகல் எண்களின் வேறுபாடும் நிறத்துக்கு நிறம் மாறுவதால், உங்கள் படிகத்துக்குரிய சரியான எண்ணை அளந்துதான் அறிய வேண்டும்.

இந்த 'ஒலி' காதில் விழும் ஒலியன்று. மனிதச் செவியின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். இது அதைப்போல் ஐயாயிரம் மடங்கு. படிகத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டப்பட்ட லித்தியம் நியோபேட் தகடு, இயக்கிப் பெட்டியிலிருந்து வரும் ரேடியோ அதிர்வெண் மின்னலையை அழுத்தமின் விளைவால் ஒலியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்தில் உள்ள உறிஞ்சி அதை விழுங்கிவிடுகிறது. இல்லையேல் எதிரொலித்த அலை திரும்பி வந்து கீற்றணியைக் கலைத்துவிடும்.

படி 1: உங்கள் வேலைக்கு இது உகந்ததா என்று பாருங்கள்

தொடர்ந்து ஒளிவிடும் லேசர் கோடுகளைத் தேர்வதற்கும், அவற்றின் ஒளியளவை மாற்றுவதற்கும், விரைந்து அணைத்து ஏற்றுவதற்கும் ஏஓடிஎஃப்க்கு இணை அரிது. கண்ணாடி வடிகட்டிகளைத் தாங்கிய சக்கரம் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் சுழலப் பல்லாயிரம் மைக்ரோவிநாடிகள் எடுக்கும். இங்கே சில மைக்ரோவிநாடிகள் போதும். ஆனால் இருஃபோட்டான் நுண்ணோக்கியின் ஃபெம்டோவிநாடி லேசருக்கு இது பொருந்தாது. அத்தகைய துடிப்பின் நிறமாலை வடிகட்டியின் பட்டையைவிட, அதாவது அது ஒரு நேரத்தில் தேரும் அலைநீள அகலத்தைவிட, அகன்றது. தடித்த டெலூரியம் டை ஆக்சைடும் துடிப்பை நீட்டிவிடும். அங்கே மின்னழுத்தத்தால் ஒளியளவை மாற்றும் பாக்கெல்ஸ் கலம், அல்லது நிறம் தேராமல் ஒளியளவை மட்டும் மாற்றும் சாதாரண ஒலி-ஒளியியல் பண்பேற்றி பயன்படுகிறது.

படி 2: சூடேற விடுங்கள்

படிகத்தின் வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் ஒளிவிலகல் எண்களும் மாறும்; ஆகவே அதே நிறத்துக்குரிய அதிர்வெண்ணும் நகரும். வடிகட்டியின் பட்டை மிகக் குறுகியதாக இருப்பதால், இந்தச் சிறு நகர்வே ஒளியளவைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைத்துவிடும். லேசரையும் இயக்கிப் பெட்டியையும் இயக்கியபின் குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். அறையின் குளிர்சாதனம் நின்று நின்று இயங்குமானால் அதையும் கவனியுங்கள்.

இதை நான் கற்றது வீணான ஒரு நாளின் விலையில். காலையில் எடுத்த படங்களில் பச்சை ஒளிர்வு மணிக்கு மணி மங்கிக்கொண்டே போக, மாதிரியில் ஏற்றிய ஒளிரும் சாயம் வெளிறுகிறது என்று நம்பி, மாதிரியை மாற்றி, புதுச் சாயத்தைக் கரைத்து, மாலை வரை போராடினேன். மறுநாள் ஒளித்திறன் மானியை வைத்துப் பார்த்தபோதுதான், மாதிரியே இல்லாத நிலையிலும் ஒளி அதே போக்கில் குறைவது தெரிந்தது. முந்தைய நாள் அறைக்கு வந்த உடனேயே, கருவி சூடேறுமுன், அதிர்வெண்ணைச் சீரமைத்திருந்தேன்.

படி 3: முனைவாக்கத்தையும் கோணத்தையும் பொருத்துங்கள்

வடிகட்டி ஒரே ஒரு நேர்முனைவாக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது. லேசரின் முனைவாக்கம் அதனோடு பொருந்தாவிட்டால், பொருந்தாத பங்கு வேறு பக்கம் திரும்பும் அல்லது திரும்பாமலே போகும். லேசருக்கும் படிகத்துக்கும் இடையே, முனைவாக்கத் திசையைச் சுழற்றும் ஓர் அரை அலைத் தகட்டை வைத்து, திரும்பிய கற்றையின் திறன் உச்சம் அடையும் வரை மெல்லச் சுழற்றுங்கள். பிறகு படிகத்தின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றி மீண்டும் உச்சத்தைத் தேடுங்கள். கோணம் மாறினால் கட்டப் பொருத்தமும் மாறும் என்பதால், சாய்வைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அடுத்த படியில் சொல்லும் அதிர்வெண் தேடலைத் திரும்பச் செய்ய வேண்டும். வேலை செய்வது கண்ணுக்கு ஆபத்தான வகுப்பு 3பி அல்லது 4 லேசரோடு. அலைநீளத்துக்கேற்ற காப்புக் கண்ணாடி அணியாமல் இந்தப் படியில் இறங்கவே கூடாது. திரும்பாத கற்றை ஒளித்தடுப்பில்தான் விழுகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். லேசரின் முழுத்திறனும் அங்கேதான் போகிறது.

பல லேசர்களின் ஒளியை ஒரே ஒளியிழைக்குள் செலுத்தும் அமைப்பில், வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு கோணத்தில் வெளிவந்தால் இழைக்குள் ஒன்று நுழைய மற்றொன்று தவறும். இதைத் தவிர்க்கவே படிகத்தின் வெளிமுகம் சாய்வாக வெட்டப்படுகிறது. அச்சாய்வு நிறங்களின் திசை வேறுபாட்டைப் பெருமளவு சமன்செய்துவிடுகிறது. சமன் முழுமையாக இருக்காது. ஆகவே ஊதா 405 கோட்டையும் சிவப்பு 640 கோட்டையும் இழையின் மறுமுனையில் தனித்தனியே அளந்து, இரண்டுக்கும் ஒத்துவரும் நடுநிலையைத் தேர வேண்டும்.

படி 4: ஒவ்வொரு கோட்டுக்கும் அதிர்வெண்ணைத் தேடுங்கள்

உற்பத்தியாளர் தந்த அட்டவணை தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒலியின் திறனை நடுத்தரமாக, உச்சத்தின் கால் பங்கு அளவில், வையுங்கள். உச்சத்திறனில் வைத்துத் தேடினால் வளைவின் முகடு தட்டையாகி, மையம் எது என்று தெரியாமல் போகும். பட்டையின் அகலம் 500 நானோமீட்டரில் 2 நானோமீட்டர் என்று கொண்டால் அது 0.4 விழுக்காடு, 120 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ அரை மெகாஹெர்ட்ஸ். ஆகவே, அட்டவணை எண்ணுக்கு இருபுறமும் ஒரு மெகாஹெர்ட்ஸ் வரை, 0.05 மெகாஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் திறனைக் குறித்து வரைபடம் இடுங்கள். நடுவே ஓர் உயர்ந்த முகடும் இருபுறமும் சிறு முகடுகளும் தெரியும். மிக உயர்ந்த ஒற்றைப் புள்ளியைப் பிடிக்காமல், முகட்டின் இருபுறமும் பாதி உயரம் வரும் இரு அதிர்வெண்களைக் கண்டு அவற்றின் நடுவை எடுங்கள். லேசரின் சிறு தள்ளாட்டத்தால் ஏமாறாமல் இருக்க இதுவே நல்ல வழி.

அந்தச் சிறு முகடுகளை அசட்டை செய்யாதீர்கள். ஒலியலைப் பரப்பு சீரான வலிமையோடு இருந்தால், முதல் பக்க முகடு நடு முகட்டின் ஏறத்தாழ 5 விழுக்காடு உயரம் இருக்கும். தனித்தனி டையோடு லேசர்கள் இருக்கும் கருவியில் இதனால் தீங்கில்லை. பழைய ஆர்கான் லேசரிலோ 488.0, 496.5, 501.7, 514.5 நானோமீட்டர் கோடுகள் ஒரே குழாயிலிருந்து வருகின்றன. 488ஐத் தேரும்போது 496.5இன் சாயல் பக்க முகட்டின் வழியே கசிந்து, கண்டறிவானின் பட்டைக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

படி 5: திறன் வளைவை வரையுங்கள்

தொடக்கத்தில் சொன்ன சறுக்குப்பட்டையின் குழப்பம் தீர்வது இங்கேதான். திரும்பும் ஒளியின் பங்கு, ஒலித்திறனின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமான ஒரு கோணத்தின் சைன் வர்க்கமாக மாறுகிறது. முழு ஒளியும் திரும்பும் ஒலித்திறனை 100 என்று கொண்டால், திறன் 10ஆக இருக்கும்போதே 23 விழுக்காடு ஒளி திரும்பிவிடும்; 50இல் 80 விழுக்காடு. 100ஐத் தாண்டி 200க்குக் கொண்டுபோனால் ஒளி கூடாமல் 63 விழுக்காடாகக் குறையும். திரும்பிய ஒளியே மீண்டும் ஒலியோடு வினைபுரிந்து பழைய கற்றைக்குத் திரும்பிவிடுவதே காரணம். 'லேசரைக் கூட்டினேன், படம் மங்குகிறது' என்று யாரேனும் சொன்னால், சாயத்தைக் குறை கூறுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. சறுக்குப்பட்டை கட்டுப்படுத்துவது மின்திறனையா மின்னழுத்தத்தையா என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு ஆக்கினால் திறன் 1 விழுக்காடாகும், ஒளி 2.4 விழுக்காடுதான். சில மென்பொருள்கள் உள்ளே ஒரு திருத்த அட்டவணையை வைத்து ஒளியளவை நேர்விகிதமாக்கித் தருகின்றன. அந்த அட்டவணை கருவி நிறுவிய நாளில் எடுத்ததாக இருந்தால் இன்று அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே, 10 மடங்கு உருப்பெருக்கமுள்ள, எண்ணெய் தேவைப்படாத ஒரு பொருளருகு லென்ஸை வைத்து, அதன் கீழே ஒளித்திறன் மானியைப் பொருத்தி, கற்றையை ஒரே புள்ளியில் நிறுத்துங்கள். சறுக்குப்பட்டையை 0, 1, 2, 5, 10, 20 என்று தொடங்கி 100 வரை நகர்த்தி மைக்ரோவாட் அளவுகளைக் குறியுங்கள். ஒளிர்வுப் படங்களில் பயன்படுவது பெரும்பாலும் கீழ்ப்பகுதி என்பதால் அங்கே புள்ளிகள் நெருக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனி வளைவு வேண்டும். உச்சத்துக்குத் தேவையான ஒலித்திறன் அலைநீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், 640 கோட்டுக்கு 405 கோட்டைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தேவைப்படும். எல்லாக் கோடுகளுக்கும் ஒரே உச்சவரம்பை வைத்தால், ஊதா வளைவின் முகட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போது சிவப்பு பாதி வழியில்தான் நிற்கும்.

படி 6: பல கோடுகளை ஒருசேர இயக்குதல்

ஒரே படிகத்துக்குள் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களைச் செலுத்தலாம். எட்டுத் தடங்கள் கொண்ட, அதாவது எட்டு அதிர்வெண்களை ஒருசேரத் தரும், இயக்கிகள் வழக்கமாகக் கிடைக்கின்றன. மீமிகை நிறமாலை லேசர் என்னும் வெள்ளை லேசரோடு இணைத்தால், நிறமாலையில் எங்கும் எட்டு மெல்லிய கோடுகளை விருப்பம்போல் வெட்டி எடுக்கலாம். ஆனால் படிகமும் தகடும் தாங்கும் மொத்த மின்திறனுக்கு வரம்பு உண்டு. எல்லாத் தடங்களையும் முழுவீச்சில் ஏற்றினால் படிகம் சூடாகும், அதிர்வெண்கள் நகரும், ஒவ்வொரு கோட்டின் ஒளியும் தனித்து இயங்கும்போது இருந்ததைவிடக் குறையும். ஆகவே கோடுகளைச் சேர்த்து இயக்கியபின் ஒவ்வொன்றையும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அதிர்வெண்களின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்கு நெருங்கினால், அவற்றின் வேறுபாட்டுக்குரிய அதிர்வெண்ணில் ஒளி துடிக்கத் தொடங்கும்.

படி 7: நேரத்தைப் பொருத்துங்கள்

ஒலி கற்றையின் குறுக்கே கடந்து முடிக்கும் வரை புதிய நிறம் முழுமையாக வராது. கற்றையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால், விநாடிக்கு 620 மீட்டர் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி ஆகும். 1 மில்லிமீட்டர் என்றால் 1.6. இதோடு, தகட்டிலிருந்து கற்றை வரை ஒலி பயணம் செய்யும் தாமதத்தையும் சேர்க்க வேண்டும். வரிக்கு வரி நிறம் மாற்றுவதற்கும், வருடும் ஆடி திரும்பி வரும் வேளையில் மாதிரியை வீணே சுடாமல் ஒளியை அணைப்பதற்கும் இவ்வேகம் தாராளம். ஒரு செல்லின் கருவை மட்டும் வெளிறச் செய்து மீள்வதை அளக்கும் சோதனையிலோ, படப்புள்ளி ஒன்றுக்கு 2 மைக்ரோவிநாடி வீதம் வருடும்போது, வரைந்த எல்லை சில புள்ளிகள் தள்ளி விழலாம். சீராக ஒளிரும் சாயப் படலத்தின் மீது ஒரு சதுரத்தை வெளிறச் செய்து, அதன் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, மென்பொருளில் தாமதத் திருத்தத்தை இடுங்கள்.

படி 8: கசிவை அளவிடுங்கள்

ஒலி முற்றிலும் நின்ற நிலையிலும், சிதறல் காரணமாகச் சிறிதளவு ஒளி இழைக்குள் நுழையும். எல்லாத் தடங்களையும் சுழியில் வைத்து, லேசர் ஒளிரும்போதே, கண்டறிவானின் பெருக்கத்தை உயர்த்தி ஒரு படம் எடுங்கள். பிறகு லேசரின் கதவை மூடி இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கசிவு. ஒளியால் தூண்டப்படும் புரதங்களோடு மணிக்கணக்கில் வேலை செய்வோருக்கு இந்தக் கசிவு போதும், மாதிரி தானாகவே மாறிக்கொண்டிருக்கும். படங்களுக்கு இடையிலான நீண்ட இடைவெளிகளில் ஏஓடிஎஃப்ஐ மட்டும் நம்பாமல் இயந்திரக் கதவையும் மூடுங்கள்.

ஒளிர்வின் பக்கம் ஏன் இதை அதிகம் காண்பதில்லை

மாதிரியிலிருந்து வரும் ஒளிர்வையும் இதே முறையில் நிறம் பிரிக்கலாம் என்று தோன்றும், பிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒளிர்வு பெரும்பாலும் முனைவாக்கமற்றது. ஒரே முனைவாக்கத்தைத் தேரும் வடிகட்டியில் பாதி ஒளி அப்போதே போய்விடும். பட்டை சில நானோமீட்டர் அகலமே உடையது. சாயத்தின் ஒளிர்வோ பல பத்து நானோமீட்டருக்குப் பரந்து கிடக்கும். மேலும், முழுப் படத்தையும் படிகத்தின் வழியே அனுப்பும்போது நிறம் மாற மாறப் படம் பக்கவாட்டில் நகரும், ஒரு திசையில் சற்று மங்கும். எண்ணி எண்ணி ஃபோட்டான்களைச் சேர்க்கும் ஒளிர்வு நுண்ணோக்கியில் இது கட்டுப்படியாகாது. ஒளி தாராளமாகக் கிடைக்கும் ஊடுகடத்தல் படங்களிலும், பல நிறப்பட்டைப் படமாக்கலிலும் இதற்கு நல்ல இடம் உண்டு.

இக்குறையையே பலமாக மாற்றிய அமைப்பு லைக்கா நிறுவனத்தின் ஒலி-ஒளியியல் கற்றைப் பிரிப்பான். தூண்டும் லேசரின் சில நானோமீட்டர்களை மட்டும் படிகம் மாதிரியை நோக்கித் திருப்புகிறது; மாதிரியிலிருந்து திரும்பி வரும் ஒளிர்வில் அந்த மெல்லிய கோடுகளைத் தவிர மற்ற அனைத்தும் திரும்பாமல் நேரே கண்டறிவானுக்குச் செல்கின்றன. குறிப்பிட்ட நிறங்களுக்கென்றே பூச்சிட்ட டைக்ரோயிக் ஆடியை ஒவ்வொரு சாயத்துக்கும் மாற்ற வேண்டிய தேவை அங்கே இல்லை. அதற்கும் மேலே சொன்ன வெப்பநிலைக் கட்டுப்பாடும் அதிர்வெண் தேடலும் பொருந்தும்.

அளவுகளைக் குறிக்கும் ஏட்டில் கோடு, அதிர்வெண், சறுக்குப்பட்டை நிலை, மைக்ரோவாட் ஆகியவற்றோடு அறையின் வெப்பநிலையையும் லேசர் ஏற்றிய நேரத்தையும் எழுதுங்கள். 488 கோட்டின் 5 விழுக்காட்டு அளவை வாரம் ஒருமுறை மட்டும் எடுத்தாலும் போதும். அது முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருந்தால் படி 4க்குத் திரும்பி அதிர்வெண்ணைத் தேடுங்கள், அதிர்வெண் நகரவில்லை என்றால் லேசரையும் இழையின் முனையையும் பாருங்கள்.